மட்டை பிறக்கும் ஊர்

மேஜை டென்னிஸ் மட்டை ஒன்றைக் கையில் எடுத்து எப்போதாவது நன்றாகப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். பையன் கேட்டான் என்று கடையில் விலை பேசி வாங்கியிருப்பீர்கள். பெண் கேட்டாள் என்று பிறந்த நாளுக்குக் கொடுத்திருப்பீர்கள். பிறகு அது கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்ததும் துடைப்பத்தால் தள்ளி வெளியே எடுத்திருப்பீர்கள். "சப்பாத்திப் பலகைக்குக் காம்பு முளைத்தது போல இருக்கிறது, இதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்றுதானே கேட்கிறீர்கள்?

நிறைய இருக்கிறது. ஒரு நாட்டுப் பிரிவினை இருக்கிறது. ஒரு மாமனாரும் மருமகளும் போட்ட சண்டை இருக்கிறது. மரத்தைப் பற்றிய சாஸ்திரமும், எண்களைப் பற்றிய கணக்கும் இருக்கின்றன. இவ்வளவையும் தெரிந்துகொள்ள வேண்டுமானால் மீரட் நகரத்துக்குப் போக வேண்டும். சிரமப்படாதீர்கள், பக்கத்தைப் புரட்டாமல் என்னுடன் வந்தால் போதும்.

கரும்புக் காட்டு வழியே

டில்லிக்கு வடகிழக்கே சுமார் 70 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது மீரட். முன்பெல்லாம் இந்த வழியில் பிரயாணம் செய்தவர்கள், ஊர் போய்ச் சேருவதற்குள் ஒரு நாவலைப் படித்து முடித்துவிடலாம் என்பார்கள். இப்போது அதற்கு அவகாசம் இல்லை. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய 'நமோ பாரத்' ரயில் 2024 ஆகஸ்டில் மீரட் தெற்கு நிலையத்தைத் தொட்டுவிட்டது. ஆனால், குளிர் காலமாயிருந்தால் சாலை வழியாகவே போகும்படி சிபாரிசு செய்வேன். மோதிநகர் தாண்டியதும் இரு பக்கமும் கரும்பு. அங்கங்கே வெல்லம் காய்ச்சுகிறார்கள். அந்த வாசனை இருக்கிறதே, பொங்கல் பானை பக்கத்தில் நிற்பது போல மனசு குளிர்ந்து போகிறது!

மீரட் என்றதும் பள்ளிக்கூடத்தில் படித்த சரித்திரம் ஞாபகம் வந்திருக்கும். 1857 மே 10-ம் தேதி சிப்பாய்கள் கொதித்து எழுந்தது இந்த ஊரில்தான். ஆனால் அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் வேறு பல பெருமைகளும் சொல்வார்கள். நல்ல கத்தரிக்கோல் வேண்டுமா? மீரட். கல்யாண ஊர்வலத்தில் முழங்குகிற பித்தளை வாத்தியங்கள் வேண்டுமா? மீரட்டில் ஜாலி கோட்டி என்கிற பேட்டைக்குப் போக வேண்டும். எள்ளும் வெல்லமும் சேர்த்து இடித்த 'கஜக்' என்ற தித்திப்பு வேண்டுமா? அதுவும் இங்கேதான். (நம் எள்ளுருண்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று வைத்துக் கொள்ளுங்கள். வாயில் போட்டால் கரைகிற பக்குவம் மட்டும் தனி.)

இத்தனைக்கும் மேலே, மீரட் என்றால் விளையாட்டுச் சாமான். பேகம் பாலத்தருகே பாட்டரி ரிக்ஷாவில் ஏறி, "சூரஜ் குண்ட்" என்று சொல்லுங்கள். கொண்டு போய் விடுவான். தெரு நெடுகக் கடைகள். கடைக்குப் பின்னால் பட்டறைகள். கிரிக்கெட் மட்டைகள் விறகுக் கட்டை மாதிரி அடுக்கிக் கிடக்கின்றன. இந்தியாவில் நடக்கும் டெஸ்ட் பந்தயங்களில் உருளுகிற பந்தைத் தைக்கிற கம்பெனி இந்த ஊரைச் சேர்ந்ததுதான். மேஜை டென்னிஸ் சாமான்களில் இந்தியா பூராவும் பெயர் பெற்ற கம்பெனி ஒன்றும் இதே ஊரில்தான் இருக்கிறது. ஊர் சாமான் செய்வதோடு நின்றுவிடவில்லை, விளையாட்டுக்காரர்களையும் செய்கிறது. 2023-ல் ஹாங்சௌவில் நடந்த ஆசிய விளையாட்டில் ஈட்டி எறிந்து தங்கப் பதக்கம் வாங்கினாளே அன்னு ராணி, அந்தப் பெண் மீரட் ஜில்லாவின் கிராமம் ஒன்றில் பிறந்தவள்.

மூட்டையில் வந்த தொழில்

இந்தத் தொழில் மீரட்டில் முளைத்த தொழில் அல்ல, நட்ட தொழில். முதல் வேர் இருந்த இடம் சியால்கோட். பஞ்சாபில் இருந்த அந்த ஊர் வெள்ளைக்காரர் காலத்திலேயே டென்னிஸ் மட்டைக்கும் ஹாக்கி மட்டைக்கும் பேர் போனது. 1947-ல் தேசம் இரண்டாகப் பிரிந்தபோது சியால்கோட் பாகிஸ்தானுக்குப் போயிற்று. அங்கே வேலை செய்து கொண்டிருந்த ஹிந்து, சீக்கியக் குடும்பங்கள் வீடு வாசலை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தன. சில குடும்பங்கள் ஜலந்தரில் தங்கின. சில மீரட்டுக்கு வந்தன. வீட்டைத் தூக்கி வர முடியுமா? நிலத்தைச் சுருட்டி வர முடியுமா? கையில் இருந்த வித்தையை மட்டும் யாராலும் பறிக்க முடியவில்லை. அதை வைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்கினார்கள். இன்று ஜலந்தரும் மீரட்டும் இந்தியாவின் விளையாட்டுச் சாமான் தலைநகரங்களாக இருக்கின்றன.

அப்படி வந்த குடும்பம் ஒன்றின் பட்டறைக்குள் உங்களை அழைத்துப் போகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. அவர்கள் விளம்பரம் தேடுகிறவர்கள் அல்ல. கீழே பட்டறை, மாடியில் வீடு. பட்டறையில் மரத்தூள் வாசனை, மாடியில் சீரகம் தாளிக்கிற வாசனை. இரண்டும் மாடிப்படியில் சந்தித்துக் கொள்கின்றன.

வீட்டுப் பெரியவரை எல்லோரும் 'பாவுஜி' என்று கூப்பிடுகிறார்கள். எழுபத்தைந்து வயதுக்கு மேலே இருக்கும். அவருடைய தகப்பனார் சியால்கோட்டிலிருந்து வந்தபோது ஒரு இழைப்புளியும் இரண்டு அரங்களும் கொண்டு வந்தாராம். அந்த அரங்களில் ஒன்று இன்னும் சுவரில் தொங்குகிறது. பற்கள் எல்லாம் தேய்ந்து, நகத்தைத் தேய்க்கக்கூட உதவாது. ஆனாலும் விஜயதசமியன்று அதற்குத்தான் முதல் குங்குமம்.

மரம் சொல்லும் சாஸ்திரம்

"மட்டை என்பது மரம்தானே?" என்று கேட்டேன்.

"மரங்கள் என்று சொல்லுங்கள், பேட்டி" என்று திருத்தினார் பாவுஜி. 'பேட்டி' என்றால் மகளே என்று அர்த்தம்.

வாஸ்தவந்தான். ஒரே பலகை போலத் தோன்றுகிற மட்டை சாதாரணமாக ஐந்து அடுக்கு, அல்லது ஏழு அடுக்கு. எப்போதும் ஒற்றைப்படை. நடுவிலே தடியான, லேசான மரம். அதற்கு இரு புறமும் மெல்லிய மரத்தகடுகள். வெளித் தகட்டில் ரேகை கைப்பிடியிலிருந்து நுனியை நோக்கி ஓடினால், அதற்கு அடுத்த தகட்டில் குறுக்காக ஓடும். நடு மரத்தில் மறுபடியும் நெடுக்கு. ஏன் இப்படி? மரம் மழைக் காலத்தில் ஈரத்தைக் குடித்து விரியும், கோடையில் சுருங்கும். விரிவதும் சுருங்குவதும் ரேகைக்குக் குறுக்கேதான் அதிகம். ஒரு தகடு வளையப் பார்த்தால் குறுக்கே ஒட்டிய தகடு, "சும்மா இரு!" என்று பிடித்து வைக்கிறது. இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் மட்டை எந்தப் பக்கமும் கோணுவதில்லை. கூட்டுக் குடித்தனம் நடத்தியவர்களுக்கு இந்தத் தத்துவத்தை அதிகம் விளக்க வேண்டியதில்லை!

விலை குறைந்த மட்டைகளுக்கு பாப்ளர் மரம். ஹரியானாவிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் குடியானவர்கள் கோதுமை வயலுக்கு நடுவே வரிசை வரிசையாக நட்டு வளர்க்கிறார்கள். பக்கத்து யமுனாநகரில் இதைச் சீவி ஒட்டுப் பலகை செய்கிறார்கள். உயர்ந்த மட்டைகளுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து லிம்பா, அயூஸ் என்ற மரங்கள் வருகின்றன. ஜப்பானியர்கள் ஹினோக்கி என்ற மரத்தைக் கொண்டாடுகிறார்கள்.

சர்வதேச விதியைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். மட்டை எந்த அளவில் வேண்டுமானாலும் இருக்கலாம். எந்த வடிவத்திலும் இருக்கலாம். என்ன எடையும் இருக்கலாம். ஆனால் அடிக்கிற பகுதி தட்டையாக, விறைப்பாக இருக்க வேண்டும். அதன் கனத்தில் நூற்றுக்கு 85 பங்காவது இயற்கை மரமாக இருக்க வேண்டும். கரி இழை முதலான நவீனச் சமாசாரங்களை ஒட்டுப் பசையோடு கொஞ்சம் சேர்க்கலாம், அவ்வளவுதான். ராக்கெட் விடுகிற காலத்திலும் மரத்தை அசைக்க முடியவில்லை, பார்த்தீர்களா?

ஒரே வருஷத்தில் இரண்டு அதிசயம்

மரத்தின் மேலே ஒட்டுகிற ரப்பருக்கும் ஒரு கதை உண்டு. அந்தக் கதை நடந்தது நம் தேசத்தில். 1952 பிப்ரவரியில் பம்பாயில் உலக மேஜை டென்னிஸ் போட்டி. அதுவரை பெரும்பாலோர் முள்முள்ளாக இருக்கும் மெல்லிய ரப்பர் ஒட்டிய மட்டையால் ஆடினார்கள். 'டக், டக்' என்று சத்தம் கேட்கும். ஜப்பானிலிருந்து ஹிரோஜி ஸாத்தோ என்ற மூக்குக் கண்ணாடிக்காரர் வந்தார். அவர் மட்டையில் தடியான ஸ்பாஞ்சு. பந்து பட்டால் சத்தமே இல்லை. பந்து எப்போது கிளம்பியது, எவ்வளவு வேகத்தில் கிளம்பியது என்று எதிராளிக்குக் காது சொல்ல மறுத்துவிட்டது. பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் தடுமாறினார்கள். ஸாத்தோ உலகச் சாம்பியன் ஆகிவிட்டார்! அதற்கப்புறம் எழுந்த சர்ச்சை ஓயாமல், 1959-ல் மட்டைக்குச் சட்டதிட்டம் வகுத்தார்கள். ஸ்பாஞ்சும் ரப்பரும் பசையும் சேர்ந்து ஒரு பக்கம் 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது இன்றைக்கும் விதி.

அதே 1952-ம் வருஷம் உலகத்தின் மறு கோடியில், அமெரிக்காவில், மாஸாசுஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இன்னொரு அதிசயம் நடந்தது. எண்களைத் துளைகளாகப் போட்ட காகித நாடாவை ஓட்டி, அந்த எண்கள் சொன்னபடி உலோகத்தைச் செதுக்குகிற யந்திரத்தை இயக்கிக் காட்டினார்கள். ஹெலிகாப்டர் விமானத்தின் சுழலும் இறக்கைகளைப் பிசகில்லாமல் செய்ய வேண்டும் என்று ஜான் பார்ஸன்ஸ் என்ற தொழிலதிபர் கொண்ட கவலையிலிருந்து பிறந்த யோசனை அது. நாடா போய்க் கம்ப்யூட்டர் வந்தது. அந்த வம்சத்தில் வந்ததுதான் இன்று ஸி.என்.ஸி. என்று சொல்லப்படுகிற யந்திரம். நம் ஊர்களில் பூஜையறைக் கதவுக்கு மணியும் மாவிலையும் செதுக்கித் தருகிறதே, அதுவேதான்.

பம்பாயில் மட்டை மாறிய வருஷத்தில் அமெரிக்காவில் பிறந்த யந்திரம், சுற்றிச் சுற்றி இந்தப் பட்டறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் கல்யாணம் செய்து வைத்தவள் இந்த வீட்டு மருமகள்.

புள்ளிக் கோலம்

யந்திரம் பார்ப்பதற்கு ஒன்றும் பயங்கரமாக இல்லை. ஒரு பெரிய மேஜை. அதன் மேல் பாலம் போல ஒரு சட்டம். பாலத்தில் ஒரு மோட்டார் தொங்குகிறது. அதன் மூக்கில் 6 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு வெட்டுக் கம்பி, 'பிட்' என்கிறார்கள். மோட்டார் இடவலமாக நகரும், முன்பின்னாக நகரும், மேலும் கீழும் இறங்கும். இந்த மூன்று அசைவுகள்தான். எங்கே எப்போது நகர வேண்டும் என்பதை எண்கள் சொல்கின்றன.

"எண்கள் எப்படிக் கோடு போடும்?" என்று நீங்கள் திகைக்க வேண்டாம். மார்கழி மாதத்தில் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறீர்களே, அது என்ன? 'மூன்றாவது வரிசை, ஐந்தாவது புள்ளியிலிருந்து நாலாவது வரிசை, ஆறாவது புள்ளிக்கு' என்று சொன்னால் போதும். கோலம் தெரிந்த பெண் கண்ணை மூடிக்கொண்டு இழுத்துவிடுவாள். யந்திரமும் அதையேதான் செய்கிறது. புள்ளிகள் மட்டும் நெருக்கம். மருமகள் கம்ப்யூட்டர் திரையில் மட்டையை வரைகிறாள். யந்திரத்துக்குப் புரியும் பாஷையில் வரிவரியாக எண்கள் வந்து விழுகின்றன.

ஒட்டி, அழுத்தி, ஓர் இரவு முழுவதும் இறுக்கி வைத்த பலகையை மேஜை மேல் பதிக்கிறார்கள். மேஜையில் இருக்கும் துளைகள் வழியே காற்றை உறிஞ்சியதும் பலகை அசையாமல் ஒட்டிக்கொள்கிறது. பொத்தானை அழுத்தினாள். நிமிஷத்துக்கு 18,000 சுற்று! 'ங்ய்' என்று ஒரு சத்தம். பிட் மரத்தில் இறங்கி, மட்டையின் ஓரத்தைச் சுற்றி வந்தது. ஒரே மூச்சில் ஆழமாக வெட்டுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான். அவசரப்பட்டால் குறுக்கு ரேகை வருகிற இடத்தில் மரம் சிலாம்பு கிளப்பிவிடும். கடைசிச் சுற்றில் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் சிறு பாலம் போல மரத்தை விட்டுவிடுகிறது. இல்லாவிட்டால் வெட்டி முடித்த மட்டை பிட்டில் சிக்கிப் பறக்கும். இரண்டு நிமிஷத்துக்குள் ஒரு மட்டை உருவாகிவிட்டது. கையால் ரம்பம் பிடித்து அறுத்து, அரம் போட்டு ராவி, ஓரத்தை வட்டமாக்க ஒரு நல்ல வேலைக்காரருக்கு அரை மணிக்கு மேல் ஆகுமாம்.

பிட் 6 மில்லிமீட்டர் கனம் அல்லவா? அது கோட்டின் மேலேயே ஓடினால் மட்டை சிறுத்துவிடும். ஆகையால் கோட்டுக்கு வெளியே சரியாக 3 மில்லிமீட்டர் தள்ளி ஓடும்படி கணக்குப் போட வேண்டும். ரவிக்கை தைக்கிறபோது தையலுக்குத் துணி விட்டு வெட்டுகிறோமே, அதே சூட்சுமம்தான்.

மாமனாரின் கோபம்

யந்திரம் வந்து நாலு வருஷமாகிறது. பாங்கில் கடன் வாங்கித்தான் வாங்கினார்கள். அதற்கு முன் இந்த அறையில் ஐந்து பேர் உட்கார்ந்து வேலை செய்தார்கள். யந்திரம் வந்த மாதத்தில் பாவுஜி பட்டறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. மருமகளோடு பேசவும் இல்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் மாடிக்கும் திண்ணைக்கும் போய் வந்து கொண்டிருந்தது.

"இவர்கள் ஐந்து பேருக்கு என்ன பதில் சொல்வது?" என்பது அவருடைய முதல் கேள்வி. நியாயமான கேள்வி. இன்றைக்கு ஐந்து பேரில் இரண்டு பேர் இங்கேயே உப்புக் காகிதம் தேய்த்து, கைப்பிடி ஒட்டி, கடைசி மெருகு கொடுக்கிறார்கள். ஒருவர் யந்திரத்துக்குப் பலகை பதிக்கவும் பிட் மாற்றவும் கற்றுக்கொண்டார். ஒருவர் கிரிக்கெட் மட்டைப் பட்டறைக்குப் போய்விட்டார். ஐந்தாவது மனிதர் பாட்டரி ரிக்ஷா ஓட்டுகிறார். "தீபாவளிக்கு வந்து தித்திப்பு வாங்கிக்கொண்டு போவான். ஆனால் பட்டறைக்குள் நுழைய மாட்டான்" என்றார் பாவுஜி. அதைச் சொல்லும்போது அவர் யந்திரத்தின் பக்கம் பார்க்கவில்லை.

அவருடைய இரண்டாவது ஆட்சேபம் வேறு. யந்திரம் செய்த முதல் மட்டையை மருமகள் கொண்டுவந்து நீட்டினாள். வட்டம் அப்பழுக்கில்லை. ஓரம் கண்ணாடி. ஆனால் கைப்பிடியைப் பிடித்த மாத்திரத்தில் கீழே வைத்துவிட்டாராம். "பழக்கமில்லாத மனுஷனோடு கை குலுக்கினது மாதிரி இருக்கிறது, பஹூ!"

வேறு பெண்ணாயிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பாள். இவள் என்ன செய்தாள் தெரியுமா? மாமனார் முன்பு கையால் செய்து, விற்காமல் வைத்திருந்த பழைய மட்டை ஒன்றை எடுத்து வந்தாள். 5 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் கைப்பிடியின் அகலத்தையும் கனத்தையும் மேட்டையும் சரிவையும் அளந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். மூன்று ராத்திரி வேலை. குழந்தை தூங்கிய பிறகுதான் நேரம்.

எண்கள் ஒரு ரகசியத்தைச் சொல்லின. கைப்பிடியின் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி இல்லை! உள்ளங்கைச் சதையில் பதிகிற ஓரம் அரை மில்லிமீட்டர் பருமனாக இருந்தது. இன்னொரு மட்டையை அளந்தாள், அதிலும் அப்படியே. மூன்றாவது மட்டையிலும் அப்படியே. மாமனாரிடம் போய், "பாவுஜி, இதை வேண்டுமென்றே செய்தீர்களா?" என்று கேட்டாள்.

பாவுஜிக்குத் தெரியாது! அவர் அப்படிச் செய்கிறோம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அரம் போடுவார், பிடித்துப் பார்ப்பார், மறுபடி அரம் போடுவார்; கை 'போதும்' என்று சொன்னதும் நிறுத்துவார். ஐம்பது வருஷமாகத் தம்முடைய கை செய்து வந்த காரியத்தை அவர் முதல் தடவையாக அந்த நோட்டுப் புத்தகத்தில் படித்தார்.

அதற்கப்புறம் செய்த மட்டையைப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் பட்டறையில் உட்கார்ந்து டீ குடித்தாராம். "அதற்கு மேலே என்ன சொல்ல வேண்டும்?" என்று சிரித்தாள் மருமகள்.

"இடக்கைக்காரர்களுக்கு அந்தப் பருமன் எதிர்ப்பக்கம் அல்லவா வேண்டும்?" என்று நான் கேட்டேன். "ஒரு கூட்டல் குறியைக் கழித்தல் குறி ஆக்கிவிட்டால் போயிற்று" என்றாள்.

கடையில் என்ன பார்ப்பது?

இவ்வளவு தூரம் வந்த உங்களை வெறுங்கையோடு அனுப்பலாமா? பாவுஜி சொன்ன யோசனைகளைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த தடவை குழந்தைக்கு மட்டை வாங்கும்போது உபயோகப்படும்.

முதலாவது, மட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஓரத்தோடு பாருங்கள். அரிசி முறத்தில் கல் பார்ப்பது போல நிதானமாகப் பாருங்கள். தட்டையாக இருக்கிறதா, கோணியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். இரண்டாவது, கைப்பிடியை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு மறு கை விரல் முட்டியால் தட்டுங்கள். முற்றிய தேங்காய்க்கும் அழுகல் தேங்காய்க்கும் சத்தத்தில் வித்தியாசம் தெரிகிறதல்லவா? அப்படித்தான். நன்றாக ஒட்டிய மட்டை தெளிவாகப் பேசும். உள்ளே அடுக்கு விட்டுப் போயிருந்தால் ஜலதோஷம் பிடித்தவர் குரல் மாதிரி கேட்கும். மூன்றாவது, எடை. மரம் மட்டும் 80, 90 கிராம் இருக்கும். இரண்டு பக்கமும் ரப்பர் ஒட்டினால் 170, 180 கிராமுக்கு வந்துவிடும். நோஞ்சான் மணிக்கட்டுக்கு அதிகக் கனம் ஆகாது. நாலாவது, ரப்பரில் ஒரு பக்கம் கறுப்பு இருக்க வேண்டும். மறு பக்கம் வேறு பளிச்சென்ற நிறம். எந்த ரப்பர் எந்த மாதிரி பந்தைச் சுழற்றும் என்று எதிராளிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட விதி. வீட்டுக்கு வந்த பிறகு சமையலறை ஜன்னலோரத்தில், வெயிலிலும் ஆவியிலும், வைக்காதீர்கள். மரம் மரம்தான், வெட்டி ஒட்டிய பிறகும் அதற்குத் தாகமும் வியர்வையும் உண்டு.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஐந்தாவது. குழந்தையை அழைத்துக்கொண்டு போய், அதன் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் கைக்குச் செய்த கைப்பிடியைப் பத்து வயதுப் பெண் பிடித்தால், விரல்கள் சுற்றி வந்து சேராது. சேராவிட்டால் மட்டை நழுவும். நழுவாமல் இருக்க இறுக்கிப் பிடிப்பாள். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு மடங்காது. பிறகு, "உனக்கு விளையாட்டு வராது" என்று நாம் அந்தப் பெண்ணைச் சொல்லுவோம்!

2023-ல், அதே ஆசிய விளையாட்டில், ஸுதீர்த்தா முகர்ஜி, அய்ஹிகா முகர்ஜி என்ற இரண்டு வங்காளப் பெண்கள் சீனத்து உலகச் சாம்பியன் ஜோடியை அவர்கள் ஊரிலேயே தோற்கடித்து, இரட்டையர் ஆட்டத்தில் வெண்கலப் பதக்கம் வாங்கினார்கள். அந்தப் பந்தயத்தில் இந்தியப் பெண்கள் இரட்டையருக்கு அதுதான் முதல் பதக்கம். அவர்களும் ஒரு நாள் சின்னக் கையோடு மேஜை எட்டாமல் நின்றவர்கள்தானே?

பேத்தியின் கை

நாங்கள் போயிருந்த அன்று பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து 24 மட்டைகளுக்கு ஆர்டர் வந்திருந்தது. எல்லாம் சின்னக் கைப்பிடி. முன்பெல்லாம் இந்த மாதிரி ஆர்டரை ஒப்புக்கொள்ள முடியாது. அளவு மாறினால் அச்சுப் பலகை மாற வேண்டும், வேலைக்காரர்கள் கைப்பழக்கம் மாற வேண்டும். 24 மட்டைக்காக யார் அவ்வளவு பாடுபடுவார்கள்? இப்போது மருமகள் சில எண்களைத்தான் மாற்றினாள். அதிலும் ஒரு சாமர்த்தியம் தேவைப்பட்டது. முழு மட்டையையும் குறுக்கினால் அடிக்கிற பகுதியும் அல்லவா சிறுத்துவிடும்? ஆகையால் கைப்பிடியின் அகலத்தையும் கனத்தையும் மட்டும் குறைத்து, அதற்குள் நுழைகிற நடு நாக்கையும் அதற்கேற்பச் சீவும்படி கணக்கை மாற்றியிருந்தாள்.

யந்திரம் செதுக்கிய கைப்பிடிகள் ஒரு தட்டில் குவிந்து கிடந்தன. உற்றுப் பார்த்தால் வயலில் ஏர் ஓட்டியது போல நுண்ணிய வரிகள் தெரிந்தன. உருண்டை மூக்குப் பிட் போன தடங்கள் அவை. வேலைக்காரர் ஒருவர் உப்புக் காகிதத்தால் அவற்றைத் தேய்த்து மழமழப்பாக்கிக் கொண்டிருந்தார். பிறகு மட்டையோடு ஒட்டி, இறுக்கி, உலர வைத்த மட்டைகள் பாவுஜியிடம் வந்தன. ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்டார். ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். எனக்கு எல்லாச் சத்தமும் ஒன்றாகவே கேட்டன. அவர் தள்ளிய மட்டையை மருமகள் ஓரத்தில் கத்தி நுனியால் சோதித்துப் பார்த்தாள். ஓர் இடத்தில் பசை பிடிக்கவில்லை.

"சத்தம் சரி. கைப்பிடி சரியாக இருக்கிறதா என்று எதை வைத்துப் பார்க்கிறீர்கள்? உங்கள் கை பெரிய கையாயிற்றே?" என்று கேட்டேன்.

பாவுஜி மாடியை நோக்கிக் குரல் கொடுத்தார். ஒன்பது, பத்து வயதுப் பெண் ஒருத்தி, பாதி பின்னிய சடையோடு இறங்கி ஓடி வந்தாள். பேத்தி. ஒவ்வொரு மட்டையாக வாங்கி, வீசிப் பார்த்து, "இது சரி, இது சரி, தாதாஜி, இங்கே குத்துகிறது" என்று தீர்ப்புச் சொன்னாள். குத்துகிறது என்றதைப் பாவுஜி வாங்கி, இரண்டு தடவை உப்புக் காகிதம் போட்டு மறுபடி நீட்டினார். "இப்போது சரி!"

"அடுத்த வருஷம் இவள் கை வளர்ந்துவிடுமே. அப்போது என்ன செய்வீர்கள்?" என்றேன் நான், வேடிக்கையாக.

பாவுஜி வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. மேஜை மேல் இருந்த நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார்.

"பேத்தி கை வளர்ந்துவிடும், என் கை நடுங்க ஆரம்பித்துவிடும். அதற்காகத்தான் பஹூ எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறாள், பேட்டி."